ஆறு வருஷம் பாடம் எடுத்தவருக்கு செனட் ஓட்டு இல்லையா?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பொள்ளாச்சி பஸ் வந்து திரும்புகிற ஓர் ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அரசுக் கல்லூரி ஒன்றில் தமிழுக்கு கெஸ்ட் லெக்சரர், அதாவது தற்காலிக விரிவுரையாளர், இது ஆறாவது வருஷம். பி.ஏ., எம்.ஏ. இரண்டும் கோழிக்கோடு பல்கலைக்கழகம், முனைவர் பட்டம் கோவை பாரதியார் பல்கலைக்கழகம். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் பேரவையான செனட்டுக்கு நடக்கும் தேர்தலில், ஆசிரியர் வாக்காளர் பட்டியலில் இவர் பெயர் இல்லை. மூன்று மாதம் முன்னால் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் வழியாக நிரந்தர வேலைக்கு வந்து சேர்ந்த, இன்னும் புரொபேஷன்கூட முடியாத சக ஆசிரியர்த் தம்பி ஒருவரின் பெயர் இருக்கிறது. "சார், மறந்து விட்டுட்டாங்களா, வேணும்னே விட்டுட்டாங்களா? ஆட்சேபம் எழுதிக் கொடுத்தா சேர்ப்பாங்களா? எங்களுக்குன்னு எங்கேயாவது ஒரு ஓட்டாவது இருக்கா?" என்று கேட்கிறார். கூடவே, ஒரு சங்கத்துக்காரர்கள் தங்கள் வேட்பாளருக்கு ஆதரவு திரட்ட இவரைக் கூப்பிடுகிறார்களாம், போகலாமா என்றும்.

மறதி இல்லை. வேண்டுமென்றே என்றும் சொல்ல முடியாது, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தை நடத்துவது 1975-ம் வருஷச் சட்டம். 1974-ல் வந்த கேரளப் பல்கலைக்கழகச் சட்டத்தின் இரட்டைப் பிள்ளை என்றே அதைச் சொல்லலாம். அதில் ஆசிரியர் என்றால் யார் என்று விளக்குகிற வரியில் முதல்வர், பேராசிரியர், விரிவுரையாளர் என்று நீளமாக எல்லோரையும் சொல்லிக்கொண்டே வந்து, பாடம் நடத்துகிற மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு, கடைசியில் ஒரு கொக்கி போட்டிருப்பார்கள்: யாருடைய நியமனத்துக்குப் பல்கலைக்கழகம் ஒப்புதல் கொடுத்திருக்கிறதோ அவர். எத்தனை வருஷம் பாடம் எடுத்தீர்கள், எத்தனை பிள்ளைகள் உங்களிடம் தொல்காப்பியம் படித்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கொக்கியில் மாட்டாது. தம்பிக்கு மூன்று மாதத்தில் கிடைத்தது அந்த ஒப்புதல்தான்.

இங்கே பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. திருச்சூரில் கல்லூரிக் கல்வி டெபுட்டி டைரக்டர் அலுவலகத்தில் நீங்கள் கெஸ்ட் பேனலில் பதிவு செய்திருப்பீர்கள், நம்பரும் கையில் இருக்கும். "எனக்கும் அப்ரூவல் இருக்கே" என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அது அரசு உங்களை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவதற்கான பதிவு, பல்கலைக்கழகம் கொடுத்த நியமன ஒப்புதல் அல்ல. இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு பேப்பர். அந்தப் பதிவுச் சீட்டின் நகலை வைத்துப் பதிவாளருக்கு ஆட்சேபம் அனுப்பினால் தள்ளுபடி ஆகும். வாக்காளர் பட்டியல் ஆட்சேபம் என்பது தகுதி இருந்தும் பெயர் விடுபட்டவர்களுக்கானது. உங்கள் கல்லூரியில் நிரந்தரப் பணியில் இருப்பவர் யாராவது விடுபட்டிருந்தால் அவரை உடனே எழுதச் சொல்லுங்கள், அதற்குக் கெடு தேதி இருக்கும்.

இன்னொரு கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 2019 ஜனவரியில் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, கெஸ்ட் ஆசிரியர்களுக்கான வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று ஏற்றினார்கள், எல்லோரும் அந்தத் தொகையைத்தான் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அதே வழிகாட்டுதலில், சட்டபூர்வ அமைப்புகளில் உறுப்பினராவதற்கான வாக்குரிமையில் கெஸ்ட் ஆசிரியர்களை நிரந்தர ஆசிரியர்களைப் போலக் கருதக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. பென்ஷன், கிராஜுவிட்டி, லீவு கிடையாது என்கிற வரிக்குப் பக்கத்திலேயே. ஓட்டையும் சம்பளத்தோடு வருகிற ஒரு படி (அலவன்ஸ்) போலப் பார்த்திருக்கிறார்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. லீவு உங்களுக்குத் தருகிற சலுகை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம், பாடத்திட்டத்தைப் பற்றி வகுப்பில் நிற்கிறவர் சொல்கிற கருத்து பல்கலைக்கழகத்துக்கு அல்லவா வேண்டியது?

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 2013-ல் இதைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. பாடம் நடத்துவதும் ஆய்வும் யாருக்கு முதன்மை வேலையோ அவர்கள் எல்லோரும் ஆசிரியர்களே, தற்காலிகமோ பகுதிநேரமோ, ஓட்டுப் போடவும் பொறுப்புக்கு வரவும் தகுதி உண்டு என்று அது சொன்னது. எனக்குப் பிடித்தது அதோடு சேர்த்துச் சொன்ன இன்னொன்று: அப்படிப் பங்கெடுக்கிற தற்காலிக ஆசிரியரின் நேரத்துக்குக் கூலியும் கணக்கில் வர வேண்டும். யோசித்துப் பாருங்கள், உங்களுக்கே செனட்டில் இடம் கிடைத்தாலும் உங்கள் ஊரிலிருந்து பல்கலைக்கழகம் இருக்கிற தேஞ்ஞிப்பலம் நூறு கிலோமீட்டருக்கு மேல், நாள் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் ஒரு கூட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. ஆனால் அது அங்கே ஒரு சங்கத்தின் பரிந்துரை, இங்கே சட்டம் அல்ல. அதைக் காட்டி வாதாட முடியாது.

சரி, உங்களுக்கு ஓட்டே இல்லையா? இருக்கிறது, வேறு வாசல் வழியாக. செனட்டுக்கு ஆசிரியர்கள் மட்டும் ஆள் அனுப்புவதில்லை. கல்லூரி முதல்வர்களுக்குத் தனித் தொகுதி, அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தனி, தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தனி, ஆசிரியரல்லாத ஊழியர்களுக்கு ஒன்று, மாணவர்களுக்கு யூனியன் கவுன்சிலர்கள் வழியாக ஒன்று, அப்புறம் பதிவு செய்த பட்டதாரிகளுக்கு ஒன்று. இந்தக் கடைசியைத்தான் நம் ஊர்த் தமிழ்ப் பட்டதாரிகள் கண்டுகொள்வதே இல்லை. உங்கள் பி.ஏ.வும் எம்.ஏ.வும் கோழிக்கோட்டில் வாங்கியவை, ஆகவே பட்டச் சான்றிதழோடு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, பதிவு பெற்ற பட்டதாரியாகச் சேர்ந்தால் அந்தத் தொகுதியில் நீங்கள் வாக்காளர். பாரதியார் பட்டத்தை இதற்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், முனைவர் என்பதால் பெரியது என்று அதைத்தான் முதலில் நீட்டுவோம், இங்கே செல்வது பழைய பி.ஏ. சான்றிதழ்தான். வேட்பாளராக நிற்பதற்கான தகுதி வேறு, அதைத் தேர்தல் அறிவிக்கையில் படித்துக்கொள்ளுங்கள். செனட் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது, தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பட்டியல் மூடியிருக்கும், இப்போதே பதிந்து வையுங்கள். வகுப்பில் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒன்று, உண்மையில் உங்கள் வேலையைத் தொடுவது செனட்டைவிட பாடத்திட்டக் குழு, அதாவது போர்டு ஆஃப் ஸ்டடீஸ். எந்தப் புத்தகம், எத்தனை கிரெடிட், எந்தத் தாள் என்பதெல்லாம் அங்கேதான் முதலில் உருவாகிறது. அதற்குத் தேர்தலே கிடையாது, நியமனம்தான். 2024-ல் நான்கு வருஷப் பட்டப்படிப்பு வந்தபோது எல்லாப் பாடத்துக்கும் புதிதாக எழுத வேண்டி வந்தது. நான் பணியில் இருந்த காலத்தில், தமிழ்த் தாள் ஒன்றை மாற்றுகிற கூட்டத்தில், அதை அப்போது வகுப்பில் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர்கூட இல்லை. எடுத்தவர் கெஸ்ட், அவருக்குக் கடிதம் போகவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு. உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் தாள்களைப் பற்றி இரண்டு பக்கம், எந்த அலகு ஒரு செமஸ்டரில் முடியவில்லை, எந்த நூல் கடையில் கிடைக்கவில்லை என்று எழுதி, துறைத் தலைவர் கையெழுத்தோடு குழுவின் தலைவருக்கு அனுப்புங்கள். அதற்கு ஓட்டு தேவையில்லை. கல்லூரி அளவில் தரத்தைக் கவனிக்கிற ஐகியூஏசி குழுவிலும் ஆசிரியர்களுக்கு இடம் உண்டு, முதல்வர் மனது வைத்தால் அதில் உங்களைச் சேர்க்கலாம். கல்லூரிக் கவுன்சிலில் துறைத் தலைவர்களும் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஓரிரண்டு பேரும் உட்காருவார்கள், அங்கே உங்கள் விஷயத்தை எடுக்க ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் இல்லாமல் உட்காருகிறவர்களின் நிலைமையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில் கேரளப் பல்கலைக்கழக செனட்டில் 15 பேரை, கூட்டத்துக்கு வரவில்லை என்று வேந்தரான ஆளுநர் ஒரே உத்தரவில் நீக்கினார், 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நியமித்த கை எடுக்கவும் பார்க்கும். ஆந்திராவில் குப்பம் ஊர்ப் பக்கம் இருக்கிற என் சொந்தக்காரர்கள் "உங்களுக்காவது சண்டை போட ஒரு தேர்தல் இருக்கே" என்பார்கள். அங்கே 1991-ம் வருஷ ஆந்திரப் பிரதேசப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில், பல்கலைக்கழகத்தை நடத்துகிற செயற்குழுவில் அரசு நியமிக்கிறவர்கள்தான் அதிகம்.

இனி அந்த ஆதரவு திரட்டுகிற விஷயம். போகலாம், தடை ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். இந்தத் தேர்தல் ஒருவருக்கு ஒரு முத்திரை குத்துகிற தேர்தல் இல்லை, 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிற விகிதாசார முறை. 5 இடம், 600 செல்லுபடியான ஓட்டு என்று வைத்துக்கொண்டால், 600-ஐ 6-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டு, 101 எடுத்தவர் ஜெயித்தார். அதற்கு மேல் விழுந்தது அடுத்த விருப்பத்துக்குப் போகும். தமிழ் ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்தாலும் 101 வராது, ஆனால் கடைசி இடத்துக்கு இழுபறி வரும்போது பத்துப் பதினைந்து பேரின் இரண்டாம் விருப்பம் ஆளையே மாற்றும். நான் ஒரு முறை எண்ணிக்கையில் ஏஜெண்டாக உட்கார்ந்து, ராத்திரி பதினொரு மணிக்கு அப்படி ஒருவர் வெளியே போனதைப் பார்த்தவன்.

ஆகவே உங்களைக் கூப்பிடுகிற சங்கத்துக்காரரிடம், அவர் டீ வாங்கித் தருவதற்கு முன்னாலேயே கேளுங்கள்: உங்கள் ஆள் ஜெயித்தால், பாடத்திட்டக் குழு கூடும்போது அந்தத் தாளை எடுக்கிற கெஸ்ட் ஆசிரியரை அழைக்க வேண்டும் என்று செனட்டில் ஒரு தீர்மானம் கொண்டுவருவாரா? ஆமாம் என்றால் அதைத் துண்டறிக்கையில் அச்சடிக்கச் சொல்லுங்கள். அச்சடித்த பிறகு போய் ஓட்டுக் கேளுங்கள்.