எகானமி வகுப்பில் உணவை ஏன் பார்க்கவே பிடிக்காதபடி தருகிறார்கள்?

எகானமி வகுப்பில் கொடுக்கும் உணவு ஏன் ஒரே குழைசலாக, பார்த்தவுடன் பசி போகும்படி இருக்கிறது, சமைப்பவர்களுக்கு அக்கறையே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அலுமினிய மூடியைப் பிரித்ததும் சோறும் கறியும் ஒன்றோடொன்று கலந்து கிடந்ததைக் கண்ட கோபத்தில் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மொரீசியசில், பிளெசான்ஸ் விமான நிலையத்துக்கு அருகே உள்ள ஓர் உணவுக்கூடத்தில், தட்டு அடுக்கும் வரிசையில் பல ஆண்டுகள் நின்று வேலை செய்தவள் நான். ஆகவே 'அக்கறையே இல்லையா' என்ற கேள்வி என்னைச் சுட்டது. சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படைக் காரணம். பிசினஸ் வகுப்பில் சூடாக்கிய உணவை விமானத்துக்குள்ளேயே பீங்கான் தட்டுக்கு மாற்றி அழகுபடுத்தித் தருகிறார்கள். எகானமியில் அப்படி மாற்றுவதற்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை, நேரமும் இல்லை. சூடாக்கும் பாத்திரமே நீங்கள் உண்ணும் தட்டும் ஆகிவிடுகிறது. அந்த அலுமினியப் பாத்திரத்தை நாங்கள் 'பார்கெத்' என்போம். அதில் இடும் உணவு முன்பே சமைக்கப்பட்டு, உடனே 5 டிகிரிக்குக் கீழே குளிர்விக்கப்பட்டு, குளிரூட்டிய கூடத்தில் கையுறை அணிந்த கைகளால் எடை பார்த்து நிரப்பப்பட்டு, மூடி, லாரியில் ஏறி, விமானத்தில் அடுக்கப்பட்டு, மேலே பறக்கும்போது ஓவனில் சுமார் 20 நிமிடம் மறுபடியும் சூடாகிறது. எங்கள் வரிசையைவிட்டுத் தட்டு கிளம்பும்போது அதில் சாலட், ரொட்டி, வெண்ணெய், இனிப்பு, கரண்டிப் பொட்டலம் எல்லாம் இருக்கும். நடுவில் பார்கெத் உட்கார வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்புபவர்கள் விமானப் பணிப்பெண்கள்தாம். ஆகவே முழுத்தட்டு எப்படி இருக்கிறது என்பதைத் தட்டு அடுக்கிய நாங்கள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. வரிசையின் தலைப்பில் ஒட்டியிருக்கும் மாதிரிப் படம் ஒன்றுதான் எங்களுக்கு வழிகாட்டி.

இரண்டு முறை நெருப்பைப் பார்க்கும் உணவுக்கு அலங்காரம் செய்வது எளிதன்று. மேலே தூவிய கொத்தமல்லி ஓவனில் கறுத்துப்போகும். பட்டாணி தன் பச்சையை இழந்துவிடும். அப்பளம் நமுத்துப்போகும், தோசையோ தோலாகிவிடும். விமானம் சாய்ந்து ஏறும்போது சிந்தாமல் இருக்கவேண்டும் என்பதற்காகக் குழம்பைக் கெட்டியாக வைப்பார்கள். சோறும் இறைச்சியும் மறுசூட்டில் காய்ந்துபோகாமல் இருக்க அந்தக் குழம்பை மேலே ஊற்றுவார்கள். நீங்கள் 'குழைசல்' என்று குறை சொன்னது பெரும்பாலும் இந்தக் குழம்பைத்தான். அது இல்லையென்றால் உலர்ந்த கோழித்துண்டை மென்று விழுங்கமுடியாமல் வேறொரு கேள்வி எழுதியிருப்பீர்கள்.

தயிர்க் குப்பியின் மூடி பந்துபோல உப்பியிருப்பதைக் கண்டு, கெட்டுப்போனது என்று தொடாமல் ஒதுக்குபவர்கள் பலர். தரைமட்டக் காற்றழுத்தத்தில் ஒட்டிய மூடி அது. விமான அறைக்குள்ளே அழுத்தம் சுமார் 6000 முதல் 8000 அடி உயர மலையில் இருப்பதைப்போலக் குறைவாக இருப்பதால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மூடியைத் தள்ளுகிறது. தேதி சரியாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் உங்கள் பக்கமிருந்து பிரிக்காமல், எதிர்ப்பக்க ஓரத்திலிருந்து மெல்லத் தூக்குங்கள், இல்லாவிட்டால் சட்டையில் தெறிக்கும்.

இத்தனையும் சொன்னபிறகு, உங்கள் கோபத்தில் ஒரு பகுதி நியாயமானது என்பதையும் சொல்லியாகவேண்டும். எகானமி உணவு அழகாக இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. அது இன்னது என்று பார்த்து அறிய முடியவில்லை என்பதுதான் குறை. எங்கள் ஊரில் கோவிலிலோ கல்யாணத்திலோ ஏழு கறி பரிமாறும்போது வாழையிலையில் எது எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்தவுடனே தெரியும்: பூசணிக்காய் இங்கே, வாழைக்காய் அங்கே, கீரை அதற்குப் பக்கத்தில். வேண்டாததை வேண்டாம் என்று கைகாட்டிவிடலாம். விமானத் தட்டில் எல்லாவற்றின்மேலும் ஒரு மூடி. மூடிக்குக் கீழே குழம்பு. குழம்புக்குக் கீழே இருப்பது என்ன என்பதை வாயில் வைத்தபிறகுதான் அறியவேண்டியிருக்கிறது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. தைப்பூசத்துக்குப் பழனியில் இருக்கவேண்டும் என்று என் தாயார் ஆசைப்பட்டார். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம் இருப்பது மொரீசியசுத் தமிழர்களுக்கு எவ்வளவு கண்டிப்பான ஒழுங்கு என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அந்த விரதத்தின் நடுவிலேதான் நாங்கள் விமானம் ஏறினோம். நடுவில் ஓர் ஊரில் விமானம் மாறவேண்டிய பயணம். சைவ உணவு வேண்டும் என்று பயண முகவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தோம். இரண்டாவது விமானத்தில், மற்றவர்களுக்கு முன்பாகவே, இருக்கை எண் ஒட்டிய பார்கெத் அம்மாவுக்கு வந்தது. மூடியின்மேல் ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, அதுவும் பாதி மடிப்புக்குள் மறைந்திருந்தது. உள்ளே மஞ்சள் சோறு, அதன்மேல் பழுப்பு நிறக் குழம்பு, குழம்புக்குள் சதுரமான துண்டுகள். பன்னீர் என்று எண்ணி அம்மா கரண்டியால் ஒரு துண்டைப் பிரித்தார். அது நார்நாராகப் பிரிந்தது. இது கோழியா என்று என்னிடம் எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பணிப்பெண் வருந்தி, எங்கிருந்தோ வாழைப்பழமும் ரொட்டியும் கொண்டுவந்து தந்தார். அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் அம்மா அதற்குப்பிறகு அந்தப் பயணம் முழுவதும் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை.

நடந்தது இதுதான்: முகவர் எங்கள் பெயரையும் பொட்டையும் பார்த்து 'இந்து உணவு' என்று பதிந்திருக்கிறார். விமான உலகத்தில் இந்து உணவு என்றால் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாத உணவு என்றுதான் பொருள். கோழி, மீன், ஆட்டிறைச்சி தாராளமாக வரலாம். அதன் குறியீடு எச்.என்.எம்.எல். நம்மவர்களின் சைவச் சாப்பாட்டுக்கு ஏ.வி.எம்.எல். என்று பதியவேண்டும், பாலும் நெய்யும்கூட வேண்டாம் என்றால் வி.ஜி.எம்.எல். பயணச்சீட்டில் இந்த எழுத்துகள் ஏறியிருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லவேண்டும் என்று கேட்கின்றன.

மலிவான சீட்டு வாங்கிவிட்டு விருந்தா எதிர்பார்ப்பது என்று இதன் கீழே சிலர் எழுதக்கூடும். நான் விருந்து கேட்கவில்லை. மூடியின்மேல் ஒட்டும் சீட்டை மடிப்பில் மறையாமல் நடுவில் ஒட்டுவதற்குக் காசு ஆகாது. ஊர் திரும்பியதும் எங்கள் சமையல் தலைவரிடம் இதைத்தான் பேசினேன். சைவப் பார்கெத்தில் குழம்புக்கு மேலே மூன்று கேரட் வில்லைகள் வைக்கலாமே, கேரட் மறுசூட்டிலும் நிறம் மாறாதே, பார்த்தவுடனே தெரியுமே என்றேன். ஒவ்வொரு உணவிலும் எது எத்தனை கிராம் என்பதை விமான நிறுவனம் எழுதிக்கொடுக்கிறது, நாமாக ஒரு வில்லையைக்கூடச் சேர்க்கமுடியாது என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் அடுத்த உணவுப்பட்டியலுக்கான ருசிபார்ப்பில் அவர் அதை எடுத்துவைத்தார், நிறுவனத்தாரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த மூன்று வில்லைகளோடு எங்கள் கூடத்திலிருந்து கிளம்பிய பார்கெத்துகளை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நாக்கும் மூக்கும் மந்தமாகும் இடத்தில் கண்ணுக்கு வேலை கூடுதல் என்பது என் எண்ணம். லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், தரையிலேயே ஒரு விமானக் கூட்டுக்குள் அழுத்தத்தைக் குறைத்து ஆட்களை உண்ணவைத்துப் பார்த்தது. உப்பும் இனிப்பும் அங்கே மங்கித் தெரிந்தன. போதாததற்கு உள்ளே காற்று உலர்ந்து கிடப்பதால் மணமும் சரியாக எட்டுவதில்லை. அப்படியிருக்க, இப்போது சில நிறுவனங்கள் தட்டையே விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரு தாள்பெட்டிக்குள் திணிப்பதை என்னால் ஏற்கமுடியவில்லை. எடையும் நெகிழியும் குறையட்டும், நல்லதுதான். உணவைப் பிரித்து வைக்க ஒரு தாள்தடுப்புகூடவா வைக்கமுடியாது?

நீங்கள் புகார் எழுதுவதாக இருந்தால், 'உணவு மோசம்' என்று மட்டும் எழுதாதீர்கள். மூடியைத் திறந்தவுடனே, கரண்டி வைப்பதற்கு முன்பாக, மேலிருந்து ஒரு படம் எடுங்கள். மூடியில் ஒட்டிய சீட்டும் அந்தப் படத்தில் தெரியட்டும். விமான எண், தேதி, இருக்கை எண் சேர்த்து அனுப்புங்கள். அப்படி வந்த படங்களை எங்கள் மேற்பார்வையாளர் வரிசையின் தலைப்புக்குக் கொண்டுவந்து, மாதிரிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அன்று யார் எந்த இடத்தில் நின்றார்கள் என்று விசாரிப்பார். படமில்லாத புகாரை வைத்துக்கொண்டு எங்களிடம் கேட்பதற்கு அவருக்கு ஒன்றும் இருக்காது.