கடல் தெரியும் பால்கனி என்று பணம் வாங்கிவிட்டு லைஃப்போட்டைக் காட்டினால் கேஸ் போடலாமா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நான் மதுரையில் இருக்கிறேன். போன மே மாதம் நான், மனைவி, மகள், மைத்துனர் நான்கு பேரும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் 3 இரவு க்ரூஸ் போனோம். கோயம்புத்தூர் டிராவல் ஏஜென்ட் ஒருவர் மூலம் புக் செய்தது. விமான டிக்கெட்டோடு சேர்த்து மொத்தம் 3,12,000 ரூபாய். ஜன்னல் இல்லாத உள் அறை போதும் என்றுதான் முதலில் கேட்டேன். அவர்தான் வாட்ஸ்அப்பில் கடலைப் பார்த்த பால்கனி போட்டோ ஒன்றை அனுப்பி, "சீ வியூ பால்கனி சார், 64,000 மட்டும் கூட" என்று சொல்லி மாற்ற வைத்தார். கப்பலில் அறையைத் திறந்தால் பால்கனிக்கு நேர் முன்னால் பெரிய லைஃப்போட் (ஆபத்தில் உயிர் காக்கும் படகு) தொங்குகிறது, கடல் தெரியவே இல்லை. வரவேற்பு மேசையில் புகார் செய்தோம், கப்பல் ஃபுல் என்று சொல்லி 100 டாலர் கிரெடிட் கொடுத்தார்கள். ஊருக்கு வந்து ஏஜென்டைக் கேட்டால், "வவுச்சரில் அப்ஸ்ட்ரக்டட் (பார்வை மறைந்தது) என்று போட்டிருக்கிறதே, நான் வெறும் புக்கிங் ஏஜென்ட், கம்பெனியைக் கேளுங்கள், அதுவும் சிங்கப்பூர் கோர்ட்டில்தான் கேட்க முடியும்" என்கிறார். அறை எண்ணோடு அந்த வவுச்சர் வந்ததே கிளம்புவதற்கு 9 நாள் முன்பு. முழுப் பணமும் மன உளைச்சலுக்கு 5 லட்சமும் கேட்கலாமா? இன்னொன்று, மைத்துனர் பால்கனியில் சிகரெட் பிடித்ததற்கு டாலரில் அபராதம் போட்டுவிட்டார்கள், அதையும் சேர்க்கலாமா?

பதில்: கேஸ் இருக்கிறது, நல்ல கேஸ்தான். ஏஜென்ட் மேல், மதுரையிலேயே போடலாம். ஆனால் முழு 3,12,000 ரூபாயும் திரும்ப வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எதிர்தரப்பு என்ன வாதம் வைக்கும் என்று பார்த்துவிடுவோம். பால்கனி அறை கேட்டீர்கள், பால்கனி கொடுத்தோம், கதவு திறக்கிறது, நாற்காலி இருக்கிறது, காற்று வருகிறது என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஏனென்றால் கப்பல் கம்பெனிகளின் விலைப்பட்டியலில் பால்கனி என்பது ஒரே வகை அறை கிடையாது. பெரிய கப்பல்களில் லைஃப்போட்டுகள் ஒரு குறிப்பிட்ட தளத்தின் வெளிப்புறம் வரிசையாகத் தொங்கும், அந்தத் தளத்திலும் அதற்கு நேர் மேலேயும் இருக்கும் பால்கனிகளுக்குப் பார்வை முழுசாகவோ பாதியாகவோ மறையும். அப்படிப்பட்ட அறைகளைப் பெரும்பாலும் தனி வகைக் குறியீடு போட்டு, குறைந்த விலைக்கு விற்பார்கள். இன்னொரு வகையும் உண்டு. ராயல் கரீபியனின் ஓயாசிஸ் வகைக் கப்பல்களில் கப்பலுக்கு உள்ளேயே இருக்கும் சென்ட்ரல் பார்க், போர்ட்வாக் பகுதிகளைப் பார்த்த பால்கனிகள் இருக்கின்றன. அங்கே எதிரே தெரிவது செடிகொடிகளும் கடைகளும்தான், அதுவும் பால்கனி என்றுதான் விற்கப்படுகிறது, அப்படி என்று சொல்லி விற்றால் தவறும் இல்லை. அதனால் "பால்கனி" என்ற ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் தோற்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் கேஸ் அப்படி இல்லை. உங்களிடம் "சீ வியூ பால்கனி" என்று அவர் கைப்பட அனுப்பிய மெசேஜ் இருக்கிறது, கூடவே திறந்த கடல் தெரியும் போட்டோ, அதற்கு மட்டும் கூடுதலாக 64,000 என்ற கணக்கு. இது மூன்றும் சேர்ந்து நிற்கும்போது அவர் விற்றது கடல் தெரியும் பால்கனி, கொடுத்தது வேறு என்பது தெளிவாகிவிடுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் ஒரு சேவையின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது 2(47) பிரிவின் கீழ் நேர்மையற்ற வணிக நடைமுறை, ஒப்புக்கொண்டபடி கொடுக்காதது 2(11) பிரிவின் கீழ் சேவைக் குறைபாடு. புகாரில் இரண்டையும் சொல்லுங்கள், ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

சரி, வவுச்சரில் "அப்ஸ்ட்ரக்டட்" என்று இருந்ததே என்ற வாதத்துக்கு வருவோம். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது, ஏனென்றால் இந்த வியாபாரத்தில் இது வாடிக்கையாகவே நடக்கிறது. முழுப் பணமும் வாங்கிய பிறகு, ரத்து செய்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது என்ற கட்டத்தில், சின்ன எழுத்தில் ஒரு வார்த்தையை அனுப்பிவிட்டு அதை நீங்கள் ஒப்புக்கொண்டதாகச் சொல்வது. ஒப்பந்தம் எப்போது முடிந்ததோ அப்போது சொல்லப்பட்ட நிபந்தனைகள்தான் உங்களைக் கட்டுப்படுத்தும், பணம் வாங்கிய பிறகு ஒருதலையாகச் சேர்த்தது கட்டுப்படுத்தாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 18, 19 பிரிவுகள் இங்கே உங்களுக்கு உதவும். தவறான தகவல் சொல்லி ஒருவரைச் சம்மதிக்க வைத்திருந்தால், அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், அல்லது சொன்னது உண்மையாக இருந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலையில் தன்னை வைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் 19-ல் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால் ரத்து செய்ய முடியாது. "கப்பலின் தள வரைபடம் இணையத்தில் இருக்கிறதே, பார்த்திருக்கலாமே" என்று எதிர்தரப்பு வக்கீல் கேட்பது இதை வைத்துத்தான். பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. பணம் கட்டும்போது உங்களுக்கு அறை எண் கொடுக்கப்பட்டதா? இல்லை, வவுச்சரில்தான் வந்தது. அறை எண் தெரியாமல் எந்த வரைபடத்தைப் பார்ப்பது? புகாரில் தேதி வாரியாக இதை எழுதுங்கள்: என்று மெசேஜ் வந்தது, என்று பணம் கட்டினேன், என்று வவுச்சர் வந்தது.

இனிமேல் புக் செய்யப் போகிறவர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் முன் அறை எண்ணை எழுத்தில் கேளுங்கள், அந்த எண்ணைக் கப்பல் கம்பெனியின் தள வரைபடத்தில் தேடி எதிரே என்ன இருக்கிறது, மேலே நீச்சல் குளத் தளமோ சத்தம் போடும் கிளப்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் எடுப்பது நல்லது. "கேரண்டி" வகை என்று சொன்னால் எந்த அறை என்பதைக் கம்பெனிதான் பின்னால் முடிவு செய்யும் என்று அர்த்தம், விலை குறைவாக இருப்பது அதனால்தான். அதை எடுத்துவிட்டு அறை பிடிக்கவில்லை என்று என்னிடம் வந்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஏஜென்டிடம் "இந்த அறையிலிருந்து கடல் மறைக்காமல் தெரியுமா" என்று ஒரே ஒரு கேள்வியை மெசேஜில் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் அனுப்புங்கள். போனில் சொன்னதை நம்பாதீர்கள், போன் பேச்சை நிரூபிப்பது பெரும்பாடு.

அடுத்து, "நான் வெறும் புக்கிங் ஏஜென்ட்". உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். 3,12,000 ரூபாய்க்கும் அவர் பெயரிலேயே ஜிஎஸ்டி பில் போட்டிருக்கிறாரா? வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் என்று டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்திருக்கிறாரா? வருமான வரிச் சட்டத்தில் அந்த டிசிஎஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் பேக்கேஜை விற்பவர். உங்கள் பெயரில் பிடித்த வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அவர் பெயர் வந்திருந்தால், வரித்துறைக்கு நான் விற்பனையாளர் என்று சொல்லிவிட்டு ஆணையத்தில் வந்து நான் இடையில் இருப்பவன் என்று சொல்ல அவரால் சுலபத்தில் முடியாது. விமானம், கப்பல், அறை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றவர் அவர். அதோடு அந்த போட்டோவை அனுப்பியதும் அவர்தான், கம்பெனி இல்லை. கப்பல் கம்பெனிக்கு இந்தியாவில் அலுவலகம் இருந்தால் அவர்களை இரண்டாம் எதிர்தரப்பாகச் சேருங்கள், சேர்க்காவிட்டால் "தேவையான தரப்பைச் சேர்க்கவில்லை" என்று கிளப்புவார்கள். இந்தியாவில் அலுவலகமே இல்லை என்றால் வெளிநாட்டுக்கு நோட்டீஸ் போய்ச் சேர வைப்பதிலேயே மாதங்கள் போய்விடும், அப்போது ஏஜென்டோடு நிறுத்திக்கொள்வதுதான் என் யோசனை.

சிங்கப்பூர் கோர்ட் என்ற பயம் வேண்டாம். கப்பல் டிக்கெட்டில் இருக்கும் அப்படிப்பட்ட நிபந்தனை வெளிநாடுகளில் செல்லும் என்பது உண்மைதான், 1991-ல் கார்னிவல் க்ரூஸ் லைன்ஸ் எதிர் ஷூட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதியை ஃப்ளோரிடாவில் போய் வழக்காடச் சொன்னது. ஆனால் நீங்கள் இங்கே கேட்பது இந்திய ஏஜென்ட் இந்தியாவில் விற்ற சேவையைப் பற்றி. 2019 சட்டத்தின் 34-வது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. அதனால் ஏஜென்டின் பில்லில் "கோயம்புத்தூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்று அச்சடித்திருந்தாலும் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே போகலாம். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையம்தான் சரியான இடம், 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. ஈ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

அந்த 100 டாலர் விஷயத்தில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். அதை வாங்கும்போது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா? வாங்கிக்கொண்டதற்கான ரசீது என்றால் பிரச்சினையே இல்லை, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்கலாம். "இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்று எழுதியிருந்தால் கம்பெனிக்கு எதிராகக் கேட்பது கடினம், ஆனால் அந்தத் தாளில் ஏஜென்ட் ஒரு தரப்பு இல்லை. எப்படியிருந்தாலும் 100 டாலர் வாங்கியதைப் புகாரில் நீங்களே சொல்லிவிடுங்கள், மறைத்து அவர்கள் சொல்லி வெளியே வந்தால் உங்கள் பேச்சின் மதிப்பே போய்விடும்.

இப்போது தொகை. நீங்கள் விமானத்தில் போனீர்கள், கப்பலில் 3 இரவு தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள், நிகழ்ச்சிகள் பார்த்தீர்கள். அதற்கான பணத்தைத் திருப்பிக் கொடு என்று எந்த ஆணையமும் சொல்லாது. கேட்க வேண்டியது கடலுக்காகக் கூடுதலாகக் கட்டிய 64,000 ரூபாய். அதிலும் மறைந்த பால்கனிக்கும் உள் அறையை விடக் கொஞ்சம் மதிப்பு உண்டு என்று சொல்லிக் குறைக்கப் பார்ப்பார்கள், குறைத்தாலும் பெரும்பகுதி உங்களுக்கு வர வேண்டியதுதான். அதோடு வட்டி, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை. 5 லட்சம் கேட்காதீர்கள். கட்டிய பணத்தை விட அதிகமாக மன உளைச்சல் கேட்டால் கேஸின் முகமே மாறிவிடுகிறது, நியாயமாக வந்தவர் என்ற எண்ணம் போய் பணம் பண்ண வந்தவர் என்ற எண்ணம் வந்துவிடும். 50,000 கேளுங்கள், அதில் எவ்வளவு கிடைத்தாலும் மரியாதையான தொகைதான்.

சிகரெட் அபராதத்தை இந்தப் புகாரில் தொடவே வேண்டாம். 2006 மார்ச்சில் ஜமைக்கா பக்கம் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் பால்கனிப் பகுதியில் தீப்பிடித்து வரிசையாக அறைகள் எரிந்தன, ஒருவர் இறந்தார், அணைக்காமல் போட்ட சிகரெட்தான் காரணமாக இருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். கடலுக்கு நடுவே தீ என்றால் ஓட இடம் கிடையாது. மைத்துனரிடம் பணத்தை மறந்துவிடச் சொல்லுங்கள்.

சாட்சியங்களில் வாட்ஸ்அப் உரையாடலை முழுசாக எடுங்கள், உங்களுக்குச் சாதகமான வரிகளை மட்டும் வெட்டி ஒட்டினால் சந்தேகம் வரும். பழைய போனை விற்காதீர்கள், அழிக்காதீர்கள், பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்கான ஒரு சான்றிதழும் இணைப்பது பாதுகாப்பு. அறை எண்ணும் லைஃப்போட்டும் தெரியும் போட்டோக்கள், வரவேற்பு மேசையில் கொடுத்த புகாரின் நகல் அல்லது மின்னஞ்சல், பணம் கட்டிய வங்கி விவரம், இவை இருந்தால் போதும். குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரர் மேல்தான்.

புகாருக்கு முன் ஏஜென்டுக்கு ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள், கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பல ஏஜென்டுகள் இந்தக் கட்டத்திலேயே பேச வருவார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து முடிக்கத் தயார் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து, ஏனென்றால் சட்டத்தில் 3 மாதம் என்று எழுதியிருந்தாலும் நடைமுறையில் அதை விட நீளும். பேச்சு ஒத்துவராவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் தாக்கல் ஆகிவிட வேண்டும், கப்பல் ஏறிய மே மாதத் தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள், ஏஜென்டோடு பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அந்தக் கணக்கிலிருந்து கழியாது.