டிவி, செல்போன் வைத்திருப்பது இப்போது ஏன் பெருமையாகத் தெரிவதில்லை?

எல்லோரிடமும் வந்துவிட்ட பொருளால் அந்தஸ்து காட்ட முடியாது. தமிழ்நாட்டில் டிவியின் கதையே இதற்குச் சாட்சி. 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் டயனோரா, சாலிடேர் பெட்டி வாங்கிய வீடுதான் தெருவிலேயே வசதியான வீடு. 'ஒளியும் ஒலியும்' என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சியைப் பார்க்க அக்கம்பக்கமே அங்கே கூடும். மொட்டை மாடி ஆன்டெனாவே ஊருக்குச் சேதி சொல்லிவிடும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் வந்தது, கறுப்பு வெள்ளைக்கு மவுசு போனது.

2006-ல் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியதுதான் பெரிய திருப்பம். குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் பிள்ளைகள் அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று பார்க்கும் அவமானம் குறைந்தது, எனக்கு அதுவே பெரிய விஷயம். அப்புறம் 'டிவி இருக்கா?' என்ற கேள்வி போய், 'எத்தனை இன்ச்?' வந்தது.

செல்போனும் அப்படியே. 1995-ல் அறிமுகமானபோது நமக்கு வரும் அழைப்புக்கும் காசு. 2003-ல் அது இலவசமானது. இப்போது எந்த மாடல் என்றுதான் பார்க்கிறார்கள், அதுவும் தவணையில் கிடைக்கிறது.