நார்க்கழிவு இட்ட வாழை வெளுப்பது குறித்து

வணக்கம் ஐயா. கயிறு ஆலையிலிருந்து கொண்டுவந்த தென்னை நார்க்கழிவை அப்படியே இட்டபின் வாழை இலைகள் வெளுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மட்காத கழிவில் கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறத்தாழ 112:1 என்ற விகிதத்தில் இருப்பதால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, பயிர் பட்டினி கிடக்கிறது. ஆலைக் கழிவை வயலுக்குத் திருப்பும் உங்கள் எண்ணம் மிகச் சரியானது, தயவுசெய்து கைவிட்டுவிடாதீர்கள்.

இப்போதைக்குத் தூரைச் சுற்றியுள்ள கழிவை வாரி அகற்றி, தழைச்சத்தை மேலுரமாகக் கொடுங்கள். வாரிய கழிவை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக முறைப்படி, டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் கணக்கிட்டு, நிழலில் 100 கிலோ வீதம் அடுக்கி, ஓர் அடுக்குக்கு வித்தும் அடுத்ததற்கு யூரியாவுமாக மாற்றி மாற்றித் தூவுங்கள். அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், நீர் ஒழுகக் கூடாது. சுமார் 60 நாளில் கழிவு கறுத்து, விகிதம் 24:1 அளவுக்கு இறங்கியதும் வாழைக்கு இடலாம்.