மூத்தோர் மனசு: வாசகர் கேள்வி பதில்

கணவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. எனக்கு வயது 67. சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். பெங்களூரில் இருக்கும் மகன், "வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடு" என்கிறான். சாயங்காலம் ஆனால் அழுகை முட்டுகிறது. சில நேரம் அவர் கூப்பிடுவதுபோலக் காதில் விழுகிறது. புத்தி பிசகுகிறதோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள் அம்மா. பல வருடம் கூட வாழ்ந்தவரின் குரல் கேட்பதும், கதவு திறந்தால் அவர்தான் வருகிறார் என்று தோன்றுவதும் துணையை இழந்த பலருக்கும் நடப்பதுதான். புத்தி பிசகவில்லை. அந்தக் குரல் உங்களைத் திட்டினாலோ, எதையாவது செய்யச் சொல்லி ஏவினாலோ மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டை இப்போது விற்க வேண்டாம். தலைத்திவசம் முடியும்வரையாவது அந்தப் பேச்சைத் தள்ளிப்போடுங்கள். துக்கத்தில் இருப்பவருக்குத் தன் வீடே பாரமாகத் தெரியும். கொஞ்ச காலம் போனால் அதே வீடு ஆறுதலாகவும் தெரியலாம், அப்போது விற்ற வீட்டைத் திரும்ப வாங்க முடியாது. மகனோடு இருக்க ஆசை இருந்தால் ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வாருங்கள். பிறகு ஒரு மூன்று மாதம். முதல் மாதம் விருந்தாளிக்கு நடக்கும் உபசாரம் நடக்கும். அன்றாடம் எப்படி இருக்கும் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். போவதற்கு முன்பே மகனிடமும் மருமகளிடமும் சில விஷயங்களை வாய்விட்டுக் கேளுங்கள். உங்களுக்குத் தனி அறையா, ஹாலில் கட்டிலா? பென்ஷன் பணம் யார் கையில் இருக்கும்? சமையலில் உங்கள் பங்கு எது? சர்க்கரை, பி.பி. பார்க்க யார் கூட்டிப்போவார்கள்? எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, கன்னடம் தெரியாமல் அபார்ட்மென்டில் பகல் பொழுதை யாரோடு கழிப்பீர்கள்? இதைக் கேட்கத் தயங்கிப் போனவர்கள்தான் பின்னால் மனம் உடைகிறார்கள்.

விற்காமல் மகன் பெயருக்கு எழுதிவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கவனம். உயிலை நீங்கள் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். சொத்தை இப்போதே அவர் பெயருக்கு மாற்றிவிடும் செட்டில்மென்ட் பத்திரம் அப்படியல்ல, பதிவானபின் ரத்துசெய்வது கடினம். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், உங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி தருகிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் அழுகை வருவதற்குக் காரணம் இருக்கிறது. அவரோடு உட்கார்ந்து காபி குடித்த நேரமாக, அவர் கடைக்குப் போய்த் திரும்பும் நேரமாக அது இருந்திருக்கும். அந்த இடம் காலியாகிவிட்டது. நாள் முழுவதையும் நிரப்பப் பார்த்தால் இரண்டே நாளில் சலித்துவிடும். ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பாடலீஸ்வரர் கோயில், ஒரு நாள் சில்வர் பீச், இரண்டு நாள் தெரிந்தவர் வீடு, மற்ற நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் என்று முன்கூட்டியே காலண்டரில் எழுதிவிடுங்கள். மனம் வந்தால் போகலாம் என்று இருந்தால் மனம் வராது. போன பிறகுதான் வரும்.

சாப்பாட்டை மறக்காதீர்கள். ஒருத்திக்காக எதற்கு உலை வைப்பது என்று காபியும் ரஸ்க்குமாக ஓட்டுபவர்கள் பலர். இரண்டு மாதத்தில் கை கால் தளர்ந்துவிடும், அந்தத் தளர்ச்சியையும் துக்கம் என்றே நினைப்பார்கள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், உங்கள் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் ஒரு கிராம் புரதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. முட்டை சாப்பிடாதவர்களுக்குச் சுண்டல், பயறு, பருப்பு, தயிர்.

அவருடைய துணிமணிகளை இந்த நாளுக்குள் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று கெடு எதுவும் இல்லை. எடுக்கும்போது தனியாக எடுக்காதீர்கள், ஒரு தடவைக்கு அலமாரியில் ஒரு தட்டு போதும். தலைத்திவசத்துக்கு முந்தைய வாரம் துக்கம் திரும்ப முதல் நாள்போல எழும். தீபாவளி, பொங்கலுக்கும் அப்படித்தான். அந்த நாட்களில் வந்து தங்கும்படி மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

அழுகை வந்து போகும் வரை அது துக்கம். பேரன் பேச்சுக்குக்கூடச் சிரிப்பு வராமல், இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் மரத்தே கிடந்தால், விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு அதன்பின் தூக்கம் வராவிட்டால், எடை குறைந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. "என்னையும் கூட்டிப்போயிருக்கலாம்" என்று சொல்வது வேறு; மாத்திரை சேர்த்துவைப்பது, நகைகளைப் பிரித்துக் கொடுப்பது வேறு. பின்னதில் ஒன்று நடந்தாலும் அன்றே 14416க்குக் கூப்பிட வேண்டும். டெலி மனஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

*

வீட்டுக்காரர் என்.எல்.சி.யில் வேலை பார்த்து 60 வயதில் ஓய்வு பெற்றார். நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் வீடு கட்டிக் குடிவந்தோம். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். சமையலறையிலும் அதிகாரம்.
– வாசகி, வடலூர்

அவர் ஒரே நேரத்தில் வேலையையும் ஊரையும் இழந்திருக்கிறார். டவுன்ஷிப்பில் பெயர் தெரிந்த நூறு பேர் இருந்தார்கள். புது மனையில் யாருமில்லை. ஷிப்ட் பார்த்தவராக இருந்தால் தூக்கமும் ஒழுங்காக இருக்காது. தினமும் ஒரே நேரத்தில் எழுவதும், எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி வெயிலில் நடப்பதும், பகல் தூக்கத்தை மூன்று மணிக்கு முன் அரை மணியோடு நிறுத்துவதும், பிற்பகலுக்குப்பின் காபி டீயைத் தவிர்ப்பதும் சில வாரத்தில் பலன் தரும்.

"உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், அது அவர் உங்களை மேற்பார்வை பார்ப்பதில் போய்த்தான் நிற்கும். ஒரு வேலையை முழுதாக அவரிடம் விட்டுவிடுங்கள்: காய்கறி, மளிகை, தோட்டம், கரண்ட் பில் எதுவானாலும் சரி. அதில் நீங்கள் தலையிட வேண்டாம், உங்கள் அடுப்பில் அவரும் வேண்டாம். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை அவர் வெளியே இருப்பது இருவருக்கும் நல்லது. வாரம் ஒரு நாள் நெய்வேலி போய்ப் பழைய ஆட்களைப் பார்த்துவரட்டும். ஓய்வுப் பணத்தில் கடன் கேட்டு வருபவர்களுக்கு, ஒரு வருடத்துக்கு எதுவும் கொடுப்பதில்லை என்று இருவரும் சேர்ந்து ஒரே பதிலைச் சொல்லுங்கள். குடி கூடினால் மட்டும் பொறுத்துப்போகாமல் மனநல மருத்துவரிடம் போங்கள்.

*

அப்பாவுக்கு 76. நான்கு மாதமாகப் பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் "தெரியல, ஞாபகம் இல்ல" என்கிறார். மறதி நோயா? வயதானால் இப்படித்தான் என்கிறார்கள் உறவினர்கள்.
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

வயதானால் இப்படித்தான் என்பது தவறு. அந்த வார்த்தையால்தான் எத்தனையோ பெரியவர்கள் வைத்தியம் இல்லாமல் கிடக்கிறார்கள். மறதி நோய் பெரும்பாலும் வருடக்கணக்கில் மெதுவாக வரும். நோயாளி அதை மழுப்புவார், வீட்டார்தான் குறை சொல்வார்கள். மனச்சோர்வில் சில வாரத்திலோ மாதத்திலோ மாறிவிடுவார், தானே "மறந்துபோகுது" என்று குறைப்பட்டுக்கொள்வார். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவதைப் போல இருக்கிறது, ஆனால் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. இரண்டும் சேர்ந்தும் வரும். ஒருவேளை இரண்டே நாளில் மாறி, பகலில் தெளிவும் இரவில் குழப்பமுமாக இருந்தால் அது அவசரம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புது மாத்திரை என்று காரணம் இருக்கும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஜிப்மர் மனநலப் பிரிவுக்கோ வேறு மருத்துவரிடமோ போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், கடையில் தானாக வாங்கிய தூக்க மாத்திரை உட்பட. அந்த மாத்திரை பெரியவர்களுக்குத் தள்ளாட்டத்தையும் மறதியையும் கொண்டுவரும். ஆனால் பல நாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம், கிரியாட்டினின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்பார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். காதையும் சோதியுங்கள், காது கேட்காதவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார்.

மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தால் குறைந்த அளவில் தொடங்குவார்கள். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் பலன் தெரிய, வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். முதல் வாரத்துக் குமட்டலுக்குப் பயந்து நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. பி.பி.க்கு நீர் மாத்திரையும் எடுக்கிறார் என்றால் சில வாரத்தில் சோடியத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

*

பிள்ளைகள் இருவரும் பிரான்ஸில். எப்போது போன் வரும் என்று நாள் முழுக்கக் காத்துக்கிடக்கிறேன்.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

காத்திருப்பதுதான் ஐயா உங்களை வாட்டுகிறது. கிழமையும் நேரமும் குறித்துவிடுங்கள். அங்கே கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் அங்கே கடிகார நேரம் மாறும். ஞாயிறு மாலை ஆறரைக்கு என்று வைத்தால் அங்கே எந்தப் பருவத்திலும் பிற்பகல், அவர்களும் வீட்டில் இருப்பார்கள். ஒரு வாரம் ஒரு பிள்ளை, மறு வாரம் இன்னொரு பிள்ளை பொறுப்பெடுக்கட்டும். மற்ற ஆறு நாளும் போனை வீட்டில் வைத்துவிட்டு, கடற்கரைச் சாலையில் மாலை வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு நடந்துவிட்டு வாருங்கள்.