வலை போட்டும் முட்டைக்கோஸில் புழு வருவது ஏன்?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் 10 அடி நீளம், 3 அடி அகலமுள்ள பாத்தியில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல் வைத்திருக்கிறேன். நட்டு 30 நாள் ஆகிறது. வெள்ளைப் பட்டாம்பூச்சி சுற்றுவதைப் பார்த்ததும் பறவைக்குப் போடும் வலையைச் செடிகள் மேலேயே விரித்துவிட்டேன். அப்படியும் இலையடியில் மஞ்சள் முட்டை, குருத்துக்குள் பச்சைப் புழு. கோழி முட்டை ஓட்டைக் குச்சியில் செருகி வைத்தால் பட்டாம்பூச்சி வராது என்கிறார்களே, செய்யலாமா? ரசாயன மருந்து அடிக்க விருப்பமில்லை.

பதில்: வலை போட்டது சரிதான். எந்த வலை, அதை எப்படிப் போட்டீர்கள் என்பதில்தான் கோளாறு. பறவை வலையின் கண் 15, 20 மில்லிமீட்டர் இருக்கும். சிறிய வெள்ளைப் பட்டாம்பூச்சி அதன் மேல் உட்கார்ந்து, இறகை மடக்கி, நடந்தே உள்ளே போய்விடும். கண் சிறிதாக இருந்தாலும், வலை இலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது உள்ளே போகவே வேண்டியதில்லை. முன்னங்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும். கடுகுக் குடும்பத்துக்கே உரிய காரச் சத்து காலில் பட்டதும், வயிற்று நுனியை வலைக்கண் வழியே வளைத்து முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்துவிடும்.

முட்டை ஓடு வேண்டாம். பக்கத்தில் வெள்ளையாக ஒன்று ஆடுகிறதே என்று பட்டாம்பூச்சி விலகிப் போவதில்லை. அந்த நேரத்தில் நாலு இலையைத் திருப்பிப் பார்த்தால் உருப்படியான பலன் உண்டு.

எந்தப் புழு என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பெரிய வெள்ளைப் பட்டாம்பூச்சி இலையடியில் முட்டைகளைக் கொத்தாக வைக்கும். ஒரு கொத்தில் ஐம்பது, நூறு கூட இருக்கும். புழு மஞ்சள் கலந்த பச்சை, மேலே கறுப்புப் புள்ளி, சன்னமான முடி. கூட்டமாக மேய்ந்து நரம்பை மட்டும் விட்டுவைக்கும். கண்ணுக்கு உடனே தெரிவதால் இதைச் சமாளிப்பது எளிது. சிறிய வெள்ளை அப்படியல்ல. இலைக்கு ஒன்றாக, தனித்தனியாக வைக்கும். புழு வெல்வெட் போன்ற பச்சை, இலை நரம்போடு ஒட்டிப் படுத்தால் தெரியாது, நேராகக் குருத்துக்குள் இறங்கும். உங்கள் குருத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, வைரமுதுகு அந்துப்பூச்சி. அதன் புழு அரை அங்குலம்கூட வளராது, இரு முனையும் கூம்பியிருக்கும். தொட்டால் துள்ளி, நூலில் தொங்கும். இலையின் அடித்தோலைச் சுரண்டி மேல்தோலைக் கண்ணாடிபோல் விட்டுவிடும். பட்டாம்பூச்சியே கண்ணில் படவில்லை, ஆனாலும் ஓட்டை விழுகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

புதிய வலை போடும் முன், செடியில் இருக்கும் முட்டையையும் புழுவையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புழுவை உள்ளே வைத்து, அதைத் தின்னும் குருவியையும் குளவியையும் வெளியே நிறுத்தியதாகிவிடும். காலையில் ஒவ்வொரு இலையையும் திருப்பி முட்டைக் கொத்தை விரலால் நசுக்குங்கள். பச்சையும் கறுப்புமாக ஈரமான எச்சம் எங்கே கிடக்கிறதோ, அதற்கு நேர் மேலே பாருங்கள், புழு இருக்கும். குருத்தை மெல்ல விரித்து, ஈர்க்குச்சியால் புழுவை வெளியே தள்ளுங்கள். குருத்தின் நுனி கடிபட்டால் முட்டைக்கோஸ் ஒரே கோஸாகக் கட்டாமல் இரண்டு மூன்று சின்னக் கோஸாகப் பிரியும், அல்லது கட்டவே கட்டாது. அதனால் 30 நாள் செடியில் வெளி இலை ஓட்டையானதைவிடக் குருத்துக்குத்தான் கவலைப்பட வேண்டும். மூன்றாம் நாள் மறுபடி பாருங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. சூடான நாட்களில் முட்டை நாலைந்து நாளில் பொரிந்துவிடும்.

நசுக்கும்போது ஒரு எச்சரிக்கை. செத்த புழுவின் பக்கத்திலோ அதன் மேலேயோ, அரிசியைவிடச் சிறியதாக, கந்தக மஞ்சள் நிறத்தில் பஞ்சு உருண்டைகள் குவிந்திருந்தால் அது முட்டையல்ல. புழுவுக்குள் வளர்ந்து வெளியே வந்த ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். பட்டாம்பூச்சி முட்டை புட்டி வடிவில், நீளவாக்கில் வரிகளோடு, இலையில் செங்குத்தாக நிற்கும், நூல் சுற்றியிருக்காது. நூல் சுற்றியதைத் தொடாதீர்கள். அந்த இலையோடு வெட்டி, வலைக்கு வெளியே நிழலில் போட்டுவிடுங்கள்.

இனி வலை. பட்டாம்பூச்சிக்கு மட்டும் என்றால் 5 மில்லிமீட்டர் கண் போதும். வைரமுதுகையும் தடுக்க 1.3 மில்லிமீட்டருக்குக் குறைவாக வேண்டும். 20 மெஷ் பூச்சி வலையில் அங்குலத்துக்கு 20 கண், நூலின் பருமன் போக ஒரு கண் 1 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். அதுவே போதும். 40 மெஷ் வாங்கினால் காற்றோட்டம் குறைந்து உள்ளே புழுக்கம் ஏறும், இலைநோய் வரும். பச்சை நிழல்வலை வேண்டவே வேண்டாம், வெயில் குறைந்தால் கோஸ் இறுகாது.

உங்கள் பாத்திக்கு 8 அடி நீளமுள்ள அரை அங்குல பிவிசி குழாய் 4 வாங்குங்கள். இரு முனையையும் முக்கால் அடி மண்ணில் செருகி வளைத்தால் நடுவில் இரண்டரை அடி உயரம் கிடைக்கும். ஒன்றுக்கொன்று மூன்றேகால் அடி இடைவெளி. உச்சியில் ஒரு நீளக் குச்சியைக் கட்டிவிட்டால் மழையில் வலை தொய்ந்து இலையில் படாது. வலை 9 அடி அகலம், 17 அடி நீளம் தேவை. நாலு பக்கமும் விளிம்பை மண்ணில் புதைக்கலாம். களை எடுக்க அடிக்கடி திறப்பீர்கள் என்றால் ஒரு நீளப் பக்கத்தை மட்டும் மரச்சட்டத்தில் சுற்றி எடை வையுங்கள். விரல் நுழையும் சந்து இருந்தால் பட்டாம்பூச்சியும் நுழையும். வலை விறைப்பாக இருக்கட்டும், தொளதொளவென்று கிடந்தால் ஓணானும் பாம்பும் சிக்கும்.

மகரந்தச் சேர்க்கைக்குத் திறக்க வேண்டுமோ என்று யோசிக்காதீர்கள். கோஸில் இலையை, நூக்கலில் தண்டை, காலிஃபிளவரில் விரியாத பூவைத்தான் அறுக்கிறோம். விதைக்கு விட்டால் ஒழிய தேனீ தேவையில்லை. நட்ட நாள் முதல் அறுவடை வரை மூடியே வைக்கலாம்.

மூடிவிட்டு மறந்துவிடவும் கூடாது. வலைக்குள் பொறிவண்டு வராததால் அசுவினி புகுந்தால் வேகமாகப் பெருகும், வாரம் ஒருமுறை குருத்தைப் பார்த்து நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். புரோடீனியா எனப்படும் புகையிலைப் புழு மண்ணில் கூட்டுப்புழுவாகும். போன பயிரில் அது இருந்திருந்தால் அந்துப்பூச்சி வலைக்குள்ளேயே வெளிவரும். அடுத்த முறை இந்தப் பாத்தியில் இதே குடும்பப் பயிரான முள்ளங்கி, கடுகு, கோஸ் எதுவும் வேண்டாம், ஆனால் புரோடீனியா வேறு பல பயிர்களையும் தின்னும் என்பதால் அதற்கு இது மட்டும் போதாது.

கையால் பொறுக்கியும் தீரவில்லை என்றால் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாத் தூளை, குர்ஸ்டாகி வகையாகப் பார்த்து வாங்குங்கள். பொட்டலத்தில் வேறு அளவு சொல்லாவிட்டால் லிட்டருக்கு 2 கிராம். புழு இதைத் தின்றால்தான் வேலை செய்யும். சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாள் புழு உயிரோடு இருக்கிறதே என்று அளவைக் கூட்டாதீர்கள். பலர் இதில் தோற்பதற்குக் காரணம் மூன்று: வெயிலில் அடிப்பது (புற ஊதாக் கதிரில் சத்து போய்விடும், மாலையில் அடியுங்கள்), புழு பெருத்தபின் அடிப்பது, சோப்பு சேர்க்காமல் அடிப்பது. கோஸ் இலை மெழுகு பூசியது, வெறும் நீர் முத்துமுத்தாக உருண்டு ஓடிவிடும். லிட்டருக்கு ஒரு கிராம் காதி சோப்பைக் கரைத்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். 7 நாளில் மறுபடி.

வேப்பங்கொட்டைக் கரைசலும் நல்லது: லிட்டர் நீருக்கு 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, சோப்பு சேர்த்து அன்றே அடிக்க வேண்டும். இது புழுவைத் தின்னவிடாமல் செய்யும், தோலுரிக்கவிடாமல் தடுக்கும், உடனே கொல்லாது. காலிஃபிளவர் பூ தெரிய ஆரம்பித்தபின் தவிர்த்துவிடுங்கள், கசப்பு பூவில் தங்கும்.

பாத்தி ஓரத்தில் கடுகு விதைத்தால் பூச்சி அங்கே போகும் என்பது உண்மை. ஆனால் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பே விதைத்து, அதில் வரும் முட்டையையும் புழுவையும் வாரம் தவறாமல் அழிக்க வேண்டும். விட்டுவிட்டால் நீங்களே பூச்சிக்கு நாற்றங்கால் போட்டதாகிவிடும். வலை இருக்கும்போது உங்களுக்கு இது தேவைப்படாது.

அறுவடையில் சந்தேகம் இருந்தால் கோஸை இரண்டாக வெட்டி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புக் கலந்த நீரில் அரை மணி நேரம் தலைகீழாக அமிழ்த்துங்கள். மறைந்திருக்கும் புழு வெளியேறி மிதக்கும்.