ஒரே மாடல், கடைக்குக் கடை வேறு விலை

சென்னை ரிச்சி தெருவில் ஒரே மாடல் 4 டிபி சீகேட் ஹார்ட் டிஸ்க் கடைக்குக் கடை விலை மாறுகிறதே, தரமும் மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். ஹார்ட் டிஸ்க் செய்வது இப்போது சீகேட், டபிள்யூடி, தோஷிபா மூன்றே பேர்தான். கடைக்காரர் தரத்தை மாற்ற முடியாது. பழையதைப் புதிதென்று தள்ளிவிட முடியும். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அப்படித்தான் நடந்தது. ஓடிய மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கி, பழைய சீகேட் டிஸ்க்குகளைப் புதிதாக விற்றிருந்தார்கள். அதனால் டிஸ்க் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் பூஜ்யம் காட்டினாலும் உடனே நம்பாதீர்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் ஃபார்ம் (FARM) பதிவையும் பாருங்கள்; அது சீகேட் டிஸ்க் தனக்குள் தனியாக வைத்திருக்கும் கணக்கு. ஜெர்மனியில் குட்டு உடைந்தது அதில்தான். பணம் கொடுக்கும் முன்பே சீரியல் எண்ணை சீகேட் தளத்தில் போட்டு வாரண்டி தேதியைப் பார்த்துவிடுங்கள். சீல் பிரிந்த கவரா? "சரி அண்ணா, அப்புறம் வர்றேன்" என்று நகர்ந்துவிடலாம். பில்லில் சீரியல் எண் எழுதித் தரும் கடைக்கு நான் கொஞ்சம் கூடவே கொடுப்பேன்.